பாத்திரம் பாராத கொடை

கேள்வி: ஐயா, எனக்கு 44 வயது. படுக்கையில் கிடந்த அம்மாவை மூன்று ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் இரவு அவர் நான்காவது முறையாக என்னை எழுப்பியபோது, "எப்போதுதான் என்னை நிம்மதியாக விடப்போகிறீர்கள்?" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஐந்து நாள் கழித்து இறந்துபோனார். இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் ஒவ்வொரு இரவும் அன்றன்றைய பாவங்களை நோட்டில் எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். முதல் வரி எப்போதும் அந்த இரவுதான். இப்போது மூன்றாவது நோட்டு. வெள்ளிதோறும் உபவாசம். அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்ற வசனத்துக்குப் பயந்து திருவிருந்துக்கு எழுந்து போவதையே நிறுத்திவிட்டேன். அம்மாவை ஒரு நாள்கூட வந்து பார்க்காத என் தம்பி சென்ற ஆண்டு மனந்திரும்பினான். சபையே அவனைக் கொண்டாடுகிறது; என்னால் முடியவில்லை. ஆயரிடம் சொன்னால், "கிருபை போதும் அம்மா" என்கிறார். கிருபை இலவசம் என்றால் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? கிருபை, கிருபை என்று இருந்துவிட்டால் மனிதர் துணிந்து பாவம் செய்யமாட்டார்களா? உண்மையில் கிருபை என்றால் என்ன?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த இரவிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொன்னது தவறுதான். படுக்கையில் கிடக்கிறவர் காதில் விழக்கூடாத சொல் அது. "நீ வேண்டுமென்றா சொன்னாய், மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று பலரும் உங்களைத் தேற்றியிருப்பார்கள். அந்தத் தேறுதல் உங்களுக்குள் இறங்கியிருக்காது. தவறே நடக்கவில்லை என்று சொல்லித் தேற்றினால் மனச்சாட்சி ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு நடந்தது தெரியும். கிருபைக்கும் அங்கே வேலை இல்லை. "பரவாயில்லை" என்று சொல்ல முடியாத இடத்தில்தான் "மன்னித்தேன்" என்ற சொல் தேவைப்படுகிறது. ஆகவே உங்கள் தவறை நான் சிறிதாக்கப்போவதில்லை.

அதைப் பெரிதாக்கவும் விடமாட்டேன். மூன்று ஆண்டுகள் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடல் துடைத்து, துணி மாற்றி, இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்கிறீர்கள். அதில் ஒரு வாக்கியம் தவறிவிட்டது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் இருந்தன. அந்த ஐந்து நாளும் அவருக்கு உணவூட்டியது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களாகத்தான் இருந்திருக்க முடியும். அவர் வாய் திறந்து உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருடைய மௌனத்தை நீங்கள் தீர்ப்பாகப் படித்துவிட்டீர்கள். அது வலியில் சோர்ந்தவரின் மௌனமாக இருந்திருக்கலாம். மகள் எவ்வளவு களைத்துவிட்டாள் என்று அந்த நிமிடத்தில் கண்டுகொண்ட தாயின் மௌனமாகவும் இருந்திருக்கலாம். அது எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைச் சாட்சியாக நிறுத்தி நான்கு ஆண்டுகளாக உங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி அந்த நோட்டு. நான்கு ஆண்டு என்றால் ஏறக்குறைய 1,460 இரவுகள். ஒரே பாவத்துக்கு 1,460 முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரவு நீங்கள் கேட்டது மன்னிப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கடனாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கு அவன் கொடுக்க வேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தினாரி; ஒரு தினாரி ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். கணக்குப் போட்டால் 6 கோடி நாள் உழைப்பு. ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தக் கடனோடு காலில் விழுந்தவன் என்ன கேட்டான்? "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றான். தள்ளுபடி என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. அவகாசம் கொடுத்தால் கட்டிவிடலாம் என்று உண்மையிலேயே நினைத்தான். ராஜா அவன் கேட்டதைக் கொடுக்கவில்லை. கேட்கத் தெரியாததைக் கொடுத்தார். கடன் முழுவதும் போயிற்று.

வெளியே போன அவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனைப் பிடித்துத் தொண்டையை நெரிக்கிறான். அவனை நன்றி கெட்டவன் என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். நான் பலமுறை படித்தபின் வேறொன்றையும் பார்க்கிறேன்: தன் கடன் போய்விட்டது என்பதை அவன் நம்பவே இல்லை. மனதுக்குள் இன்னும் கட்டிக்கொண்டிருந்தவனுக்குத்தான் அந்த நூறு பணம் தேவைப்பட்டது. உங்கள் கடிதத்தில் நோட்டைப் பற்றிச் சொன்ன சற்று நேரத்திலேயே தம்பியின் பேச்சு வருகிறதே, அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தன்னிடம் வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொள்கிறவரால், இன்னொருவருக்குச் சும்மா விட்டுக்கொடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கிரியைகளினால் இரட்சிப்பு இல்லை என்று ஞாயிறுப் பள்ளியிலிருந்தே மனப்பாடம் செய்திருக்கிறோம். கிரியை என்றதும் தானதர்மம், உபவாசம், ஆலயத்துக்குச் செய்யும் பணிகள் என்று பட்டியல் போட்டுக்கொள்கிறோம். துக்கமும் ஒரு கிரியையாகிவிடும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நான் போதுமான அளவு அழுதேனா, போதுமான அளவு நொந்தேனா, இன்னும் கொஞ்சம் வருந்தினால் கடவுள் மனம் இரங்குவாரா என்று அளந்துகொண்டே இருந்தால், கண்ணீரை நாணயமாக்கி எதையோ வாங்கப் பார்க்கிறோம் என்று பொருள். பாவத்துக்காக வருந்துவது வேறு. வருத்தத்தைக் கொண்டு விலை கொடுப்பது வேறு. நீங்கள் முதலாவதில் தொடங்கி, எப்போது என்று தெரியாமலே இரண்டாவதுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

இந்த வழியில் உங்களுக்கு முன்னே நடந்தவர்கள் பலர். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது இதே நோவில் விழுந்தார். பழைய பாவங்களையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி அறிக்கையிட்டார். எழுதி முடித்த பிறகும் எதையோ விட்டுவிட்டோம் என்ற குடைச்சல் திரும்ப வந்தது. ஒரு வாரம் முழுவதும் உண்ணாதிருந்தார். ஆன்ம குரு தடுத்ததால்தான் உணவு எடுத்தார். தம் உயிரையே வெறுக்கும் அளவுக்குப் போன பிறகு ஒரு நாள் அவருக்குத் தெளிவு வந்தது: கடந்துபோன பாவங்களை இனி ஒருபோதும் அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தார். கவனித்தீர்களா, விடுதலை வந்தது இன்னும் கவனமாக அறிக்கை செய்ததால் அன்று, அதை நிறுத்தியதால். இந்த நோவுக்கு லத்தீனில் வைத்த பெயருக்குச் சிறு கூர்ங்கல் என்று பொருள். செருப்புக்குள் சிக்கிய கல்லைப் போன்றது அது. நடந்து நடந்து தேய்த்துவிடலாம் என்று நினைப்பவர் கால்தான் தேயும்.

இந்த இடத்தில் ஒரு மருத்துவச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நோட்டில் எழுதாமல் படுத்தால் நெஞ்சு படபடக்கிறதா? எழுதிய வரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறீர்களா? தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றனவா? அப்படியானால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய், நீண்ட மனச்சோர்வு இவையெல்லாம் பக்தியின் உடையை அணிந்துகொண்டு வருவதுண்டு. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆயரும் மருத்துவரும் சேர்ந்து தாங்கினால் எழுந்து நிற்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட நேரான கேள்விக்கு வருகிறேன். கிருபை என்றால் என்ன?

நம் சபைகளில் இந்தச் சொல் அதிகம் புழங்கித் தேய்ந்துவிட்டது. நலமா என்று கேட்டால் "தேவகிருபை" என்கிறோம்; கடிதத்தை முடிக்கவும் கூட்டத்தைத் தொடங்கவும் அதுவே கைகொடுக்கிறது. உங்கள் ஆயர் சொன்ன மூன்று சொற்கள் உங்களுக்குள் இறங்காததற்கு இந்தத் தேய்மானமும் ஒரு காரணம். கத்தோலிக்கச் சகோதரர்கள் இதையே அருள் என்கிறார்கள். வள்ளுவர் அருளை "அன்பீன் குழவி" என்றார், அன்பு பெற்ற பிள்ளை. உறவு பற்றிச் செல்வது அன்பு, உறவு பாராமல் துன்பப்படுகிறவர்மேல் செல்வது அருள் என்று உரையாசிரியர் பிரிப்பார். வேதத்திலுள்ள சொல்லுக்கு மிக அருகில் வரும் விளக்கம் இது.

கிரேக்கத்தில் அந்தச் சொல் காரிஸ். பவுலின் பெயரிலுள்ள 13 நிருபங்களும் இந்தச் சொல்லால் வாழ்த்தித் தொடங்குகின்றன. முடிவுரையிலும் அதே சொல் வருகிறது. அவர் காலத்து மக்களுக்கு இது புதிய சொல்லன்று. கொடை, தயவு, பிரதியுபகாரம் என்று நாள்தோறும் பேசிய சொல். ஆனால் அவர்கள் உலகத்தில் கொடைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தகுதியானவரைத் தேடிக் கொடுக்க வேண்டும். தகாதவரிடம் கொடுத்த கொடை வீண் என்று அறிஞர்களே கற்பித்தார்கள். நம்மிடமும் அந்த அறிவுரை உண்டல்லவா? பாத்திரம் அறிந்து பிச்சையிடு.

அந்தப் பழமொழியைப் பவுலிடம் சொன்னால் அவர் தலையசைத்து மறுப்பார். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்" என்பது அவருடைய சுவிசேஷத்தின் மையம். பாத்திரம் அறியாமல் அன்று. பாத்திரத்தை நன்றாக அறிந்தே, அது கீறல் விழுந்தது, அழுக்கானது என்று தெரிந்தே ஊற்றினார் கடவுள். தகுதி இருந்தால் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயர். தகுதி குறைவாக இருந்தாலும் இரக்கப்பட்டுக் கிடைப்பதற்குச் சலுகை என்று பெயர். தகுதி என்ற கேள்வியையே எடுத்துப்போட்டுவிட்டு, கொடுக்கிறவர் தம்முடைய இயல்பினால் கொடுப்பதே கிருபை. "எனக்கு மட்டும் ஏன் கடினமாக இருக்கிறது" என்று கேட்டீர்கள். பாத்திரத்தைக் கழுவிக் கழுவி நீட்டிக்கொண்டிருப்பதால்தான்.

கிருபையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கடவுளிடமிருந்து வரும் ஒரு பொருளோ சக்தியோ என்று எண்ணிக்கொண்டால், "எனக்கு எவ்வளவு கிடைத்தது, ஏன் குறைவாகக் கிடைத்தது" என்ற கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கிருபை "பிரசன்னமாயிற்று" என்கிறது தீத்துவுக்கு எழுதிய நிருபம். ஒரு நபர் வருவதைச் சொல்லும் பேச்சு அது. நற்செய்தி நூல்களில் இயேசு கிருபை என்ற தலைப்பில் பிரசங்கம் செய்ததாக எங்குமில்லை. அவர் செய்தது வேறு: வரி வசூலித்த ஆயக்காரர் வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்பதுதான் அவர்மேல் விழுந்த பழி. அந்தப் பழியை வீசியவர்கள் அறியாமலே கிருபைக்குச் சரியான இலக்கணம் சொல்லிவிட்டார்கள்.

அந்த முறுமுறுப்புக்குப் பதிலாகத்தான் லூக்கா 15-இல் இரண்டு குமாரரின் கதை வருகிறது. இளையவன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தகப்பனிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். பரத்துக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன். குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல. உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வேதத்தைத் திறந்து, அவன் உண்மையில் சொன்னதைப் பாருங்கள். முதல் இரண்டும் இருக்கின்றன. கூலிக்காரனாக்கும் என்ற மூன்றாவது அங்கே இல்லை. தகப்பன் அதற்குள் ஊழியக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பாவத்தை அறிக்கையிட அவனை விட்டார். பாத்திரன் அல்ல என்று சொல்லவும் விட்டார். சம்பளம் பேச மட்டும் விடவில்லை. உங்கள் நோட்டு முழுவதும் அந்த மூன்றாவது வாக்கியம்தான், சகோதரி. நான்கு ஆண்டுகளாக அதைச் சொல்லி முடிக்கப் பார்க்கிறீர்கள்.

மூத்தவனையும் விட்டுவிட முடியாது. உங்கள் கடிதத்தில் இருவரும் இருக்கிறார்கள். தம்பியைச் சபை கொண்டாடும்போது வரும் கோபத்தைச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது: நீங்கள் உழைத்தீர்கள், அவர் வரவில்லை. கதையிலுள்ள தகப்பனும் மூத்தவனின் உழைப்பைப் பொய் என்று சொல்லவில்லை. இளையவனை எதிர்கொள்ள ஓடிய அதே தகப்பன், மூத்தவனுக்காகவும் விருந்தை விட்டு வெளியே வந்து வருந்தியழைத்தார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்றார். அந்த வீட்டில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் ஊழியக்காரனாகவே தன்னை எண்ணியவனுக்கு, அது தன் வீடு என்பதை நினைவூட்டினார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. கதை வாசலிலேயே நிற்கிறது.

உங்கள் தம்பியிடம் நேராகப் பேசுங்கள். சபையின் முன்னால் சாட்சி சொன்னவர், உங்கள் முன்னால் உட்கார்ந்து "அம்மாவை நீ தனியாகச் சுமந்தாய், நான் வரவில்லை" என்று சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. கிருபை பெற்றவர் மனிதரிடம் பட்ட கடனை மறந்துவிடலாம் என்று வேதம் எங்கும் சொல்வதில்லை. ஆயக்காரனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு முதலில் வந்தார். அதன் பிறகே சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கொடுத்ததனால் அவர் வரவில்லை. வந்ததனால் கை தானாகத் திறந்தது.

துணிந்து பாவம் செய்யமாட்டார்களா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். இந்தக் கேள்வி பவுல் காலத்திலேயே எழுந்தது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6-இல் அவர் எழுதினார். கிருபையைப் போர்வையாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. வீட்டிலுள்ளவர்களைப் புண்படுத்திவிட்டு, கடவுள் மன்னித்துவிட்டார், நீ யார் கேட்க என்கிறவர்களை நான் எதிரே உட்காரவைத்துக் கண்டித்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஒருவர்கூட இந்தக் கேள்வியைப் பயத்தோடு கேட்டு எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

தீத்து நிருபத்தின் அதே பகுதியில், அந்தக் கிருபை அவபக்தியை வெறுத்து ஒழுங்காய்ப் பிழைக்க நமக்குப் போதிக்கிறது என்று வருகிறது. அங்கே உள்ள கிரேக்க வினை பிள்ளையை வளர்த்துப் பழக்குவதைக் குறிப்பது. வளர்ப்பு என்றால் காலம் பிடிக்கும். கிருபையைப் பாடிய பாடலால் உலகம் அறிந்த ஜான் நியூட்டன், 1748-இல் கடற்புயலில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பல்களில் போனார், அவற்றுக்குத் தலைவராகவும் இருந்தார். உடல்நலம் கெட்டதால்தான் கடலை விட்டார். அந்த வியாபாரத்தின் கொடுமையை வெட்கத்தோடு அறிக்கையிட்டு அவர் வெளியிட்டது 1788-இல். நாற்பது ஆண்டுகள்! அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன். சங்கிலியில் கிடந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய தாமதம். ஆனாலும் கடவுள் அவரைக் கைவிட்டுவிடவில்லை, அவர் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தார். கிருபை பெற்ற மறுநாளே எல்லாம் மாறியிருக்க வேண்டும், இன்றும் கோபம் வருகிறதே என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிருபைக்கும் நற்கிரியைக்கும் உள்ள உறவைப் பற்றித் திருச்சபை நூற்றாண்டுகளாக வழக்காடியிருக்கிறது. 1547-இல் ட்ரென்ட் பொதுச்சங்கம் இதற்கென்றே ஒரு தீர்மானம் எழுதியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் பிரிந்த அந்தப் பிளவுக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அன்றி, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டு நற்கிரியைக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்பதே அதன் சாரம். இவ்வளவு பெரிய வழக்கில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்றை, உங்கள் நோட்டு மட்டும் ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

இனி திருவிருந்து. இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் பயப்படும் வசனம் 1 கொரிந்தியர் 11-இல் இருக்கிறது. அதற்கு முன்னுள்ள வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். அந்தச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருந்தான். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். அந்த நடத்தையைத்தான் பவுல் அபாத்திரமாய்ப் புசிப்பது என்றார். புசிக்கும் விதத்தைப் பற்றிய சொல் அது. பாத்திரவான்கள் மட்டும் வரலாம் என்று அவர் எழுதியிருந்தால், அந்தப் பந்தியில் கொரிந்துவிலும் ஆளில்லை, இங்கும் ஆளில்லை, எனக்கும் இடமில்லை. நீங்கள் பயப்படும் வசனத்துக்கு முந்தினது: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து விலகியிருக்கக்கடவன் என்று அவர் எழுதவில்லை. புசிக்கக்கடவன் என்றுதான் எழுதினார்.

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெரியவருக்குத் திருவிருந்து கொடுக்க மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை கட்டுப் போட்டிருந்தார்கள். வழக்கத்தால் கையை நீட்டப் பார்த்தார். போர்வைக்கு மேலே கட்டுகள் கொஞ்சம் அசைந்தன, அவ்வளவுதான். அவர் முகத்தில் பெரும் வெட்கம். வாழ்நாள் முழுவதும் தாமே எடுத்துப் பழகியவர். நான் குனிந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார், குழந்தையைப் போல. அப்பத்தை நாவில் வைத்தேன். அவர் கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கவும் அவருக்குக் கையில்லை, நான்தான் துடைத்துவிட்டேன். கிருபையைப் பற்றிப் படித்த வகுப்புகளில் எனக்குப் புரியாதது அந்தக் கட்டிலருகே புரிந்தது. நீங்கள் உங்கள் தாயாருக்கு மூன்று ஆண்டுகள் செய்ததும் இதுதான். ஒருவர் வாய் திறக்க, கொடுத்தீர்கள். கணக்கு எழுதிக்கொண்டா ஊட்டினீர்கள்?

2 சாமுவேல் 9-இல் மேவிபோசேத் என்பவனைப் பற்றி வாசித்திருப்பீர்கள். ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு காலும் முடமானவன், சவுலின் பேரன். தாவீது ஆள் அனுப்பி அழைத்தபோது, செத்த நாயைப்போலிருக்கிற என்னை ஏன் பார்க்கிறீர் என்று கேட்டான். தாவீது அவனுடைய தகுதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் தகப்பன் யோனத்தானிடம் செய்துகொண்ட உடன்படிக்கையை நினைத்து, தன் பந்தியில் அவனுக்கு நித்தம் இடம் கொடுத்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது: அவன் ராஜாவின் பந்தியில் எப்பொழுதும் சாப்பிடுகிறவனாயிருந்தான், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது. பந்தியில் உட்கார்ந்ததால் கால் நிமிரவில்லை. கால் நிமிரவில்லை என்று பந்தியிலிருந்து யாரும் எழுப்பவும் இல்லை.

நான் சொல்கிற காரியங்கள் சில. மூன்று நோட்டுகளையும் உங்கள் ஆயரிடம் கொண்டுபோங்கள். அந்த இரவின் பாவத்தை அவர் முன்னிலையில் ஒரே ஒரு முறை கடவுளிடம் வாய்விட்டு அறிக்கையிடுங்கள். மன்னிப்பின் வார்த்தைகளை அவர் உங்கள் பெயரைச் சொல்லி உங்களை நோக்கிச் சொல்லட்டும். "கிருபை போதும் அம்மா" என்று சுருக்கிவிடாமல் முழுவதும் சொல்லும்படி நீங்களே கேளுங்கள். நோட்டுகள் அவரிடமே இருக்கட்டும். அன்றிலிருந்து அந்த இரவை ஜெபத்தில் எடுக்க வேண்டாம். நினைவு வரும், நிச்சயம் வரும். வரும்போது மன்னிப்புக் கேட்காமல் "நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் அது பொய் போலத் தோன்றும். சொல்லிக்கொண்டே இருங்கள். வெள்ளி உபவாசத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவையுங்கள்; அந்த நேரத்தில் அம்மாவைப் போலப் படுக்கையில் இருக்கும் யாரையாவது கவனித்துக்கொள்ளும் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கடன் தீர்ப்பதற்காகச் செய்யாதீர்கள். அந்தக் களைப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், அதற்காகச் செய்யுங்கள்.

அடுத்த திருவிருந்து ஆராதனையில் முன்வரிசைப் பக்கமாக உட்காருங்கள். உங்கள் வரிசை எழுந்திருக்கும்போது எழுந்திருங்கள். கால் தயங்கும், மேவிபோசேத்தின் காலும் அப்படித்தான். பக்கத்தில் உங்கள் தம்பி நின்றாலும் நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் முறை வரும்போது ஒரு கையின்மேல் ஒரு கையை வைத்து வெறுங்கையாக நீட்டுங்கள்.

அது எந்த ஞாயிறு என்று எனக்கு ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். அன்று காலை நானும் எங்கள் ஆலயத்தில் அப்பத்தை எடுக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன்.